போன் சொல்லும் மருந்தை அடிக்கலாமா?

கேள்வி - பதில் பகுதி

கொஞ்ச நாளாக வரும் கடிதங்களில் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறோம். முன்பெல்லாம் "இலை சுருளுது, என்ன செய்யலாம்?" என்று எழுதுவீர்கள். இப்போது "இலை சுருளுது, ஏஐ-யில் கேட்டோம், இப்படிச் சொல்லுது, சரியா?" என்று எழுதுகிறீர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கையில் போன் இருக்கிறது. கேட்டால் தமிழிலேயே, அதுவும் நொடியில் பதில் வருகிறது. கேட்கத்தான் தோன்றும். தவறில்லை.

ஆனால் வந்த பதிலை நம்பி எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த இதழில் தருமபுரி மாவட்டத்திலிருந்து வந்த இப்படிப்பட்ட ஆறு கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறோம். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எல்லோருக்குமே ஊர்ப் பகுதியை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு வைத்திருக்கிறேன். நாலு மாதப் பயிர். நுனிக் குருத்து சுருண்டு, வெள்ளை மாவு தூவினதுபோல் இருக்கிறது. மகன் படம் எடுத்து ஏஐ-யில் போட்டான். "மாவுப்பூச்சி" என்று சொல்லி ஒரு மருந்தின் பெயரையும் கொடுத்தது. பத்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை அடிக்கச் சொன்னது. பக்கத்துக் கொல்லைக்காரர் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார். மருந்து அடித்தால் சண்டைக்கு வருவார். அடிக்கலாமா?
- பென்னாகரம் பகுதி வாசகர்

பதில்: இப்போதைக்கு அடிக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறோம்.

போன் சொன்னதில் பாதி சரி. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியைப் பார்த்தால் மாவுப்பூச்சியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எந்த மாவுப்பூச்சி? மரவள்ளியைத் தாக்குவதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பப்பாளி மாவுப்பூச்சி. 2008-இல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டுத் தோட்டங்களை உலுக்கி எடுத்த பூச்சி. இன்னொன்று மரவள்ளி மாவுப்பூச்சி. 2020-இல் கேரளாவின் திருச்சூரில் முதலில் தெரிந்து, பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி என்று நம் பக்கம் பரவியது.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். போன் படத்திலும் வெள்ளைதான். மாவை விலக்கிப் பார்த்தால் பப்பாளி மாவுப்பூச்சியின் உடம்பு மஞ்சளாக இருக்கும். மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பாக இருக்கும். இது நுனிக் குருத்தில் அடைந்து, கணுக்களின் இடைவெளியைக் குறுக்கி, நுனியை முட்டைக்கோசு மாதிரிக் கொத்தாக ஆக்கிவிடும்.

வித்தியாசம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். இரண்டுக்கும் எதிரி வேறு வேறு. பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்தார்கள். மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அந்தக் குளவி வேலைக்கு ஆகாது. அதற்கு அனாகைரஸ் லோபசி என்ற வேறொரு குளவி. ஆப்பிரிக்காவில் 1970-களில் இதே பூச்சி மரவள்ளியை அழித்தபோது, தென் அமெரிக்காவில் தேடி இந்தக் குளவியைக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையை முன்நின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து வளர்த்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடத் தொடங்கினார்கள்.

அந்தக் குளவி எறும்பைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே வளரும் குஞ்சு பூச்சியைத் தின்று தீர்த்துவிட்டு ஓட்டை போட்டு வெளியே வரும். நீங்கள் பத்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அதன்மேல் சரியாக ஒட்டாது, கொஞ்சம் மிஞ்சும். குளவி மிஞ்சாது. அடுத்த மாதம் பூச்சி இரண்டு மடங்காக வரும்.

போன் இதில் எதையும் உங்களிடம் கேட்கவில்லை. பூச்சியின் நிறம் என்ன, குளவி விட்டிருக்கிறார்களா, பக்கத்தில் மல்பெரி இருக்கிறதா என்று கேட்கவில்லை. காற்றில் போகும் மருந்து மல்பெரி இலையில் பட்டு, அதைத் தின்ற பட்டுப்புழு ஒரே நாளில் செத்துவிடலாம். ஒரு வீட்டின் ஒரு மாதக் கூலி அது. வேலியைப் பார்க்காத போனுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததால்தான் எங்களுக்குக் கடிதம் எழுதினீர்கள். அந்த யோசனைதான் சரி.

இப்போது செய்ய வேண்டியவை:

1. காலையில் கொல்லைக்குப் போய்ப் பத்து இருபது செடிகளின் நுனியைப் பாருங்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. மாவை ஒரு குச்சியால் விலக்கி நிறம் பாருங்கள்.

2. பழுப்பாக, உப்பி, காய்ந்துபோன பூச்சிக் கூடுகள் தெரிகின்றனவா? அதில் சின்ன ஓட்டை இருக்கிறதா? இருந்தால் குளவி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. அதை வேலை செய்ய விடுங்கள்.

3. தாக்குதல் அதிகமுள்ள நுனிகளை ஒடித்து, சாக்கில் போட்டுக் கட்டி, கொல்லைக்கு வெளியே எரித்துவிடுங்கள். வரப்பில் வீசாதீர்கள். எறும்பு ஏறியிருக்கும் செடிகளைக் கவனியுங்கள். எறும்பு மாவுப்பூச்சியை மாடு மாதிரி மேய்க்கும், எதிரி வந்தால் விரட்டும்.

4. இந்தக் கொல்லையிலிருந்து அடுத்த நடவுக்குக் குச்சி எடுக்காதீர்கள், மற்றவருக்கும் கொடுக்காதீர்கள். இந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் போவது குச்சியில்தான்.

5. நாலைந்து நுனிகளைக் காற்றுப் புகாத கவரில் போட்டு மூடி, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ கொண்டுபோங்கள். குளவி கிடைக்குமா என்று அங்கே கேளுங்கள். மருந்து தேவையென்றால் எது, எவ்வளவு, எப்போது என்பதை அவர்கள் சொல்லட்டும். அடிக்கிற நிலை வந்தால் முதல் நாளே பக்கத்துக் கொல்லைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இந்தப் பதிலில் நாங்களும் மருந்தின் பெயர் எழுதவில்லை. உங்கள் கொல்லையை நாங்களும் பார்க்கவில்லை, அதனால்தான்.

கேள்வி: எங்கள் அப்பா தினமும் ஏஐ-யிடம் பேசுகிறார். ராகிக்கு என்ன உரம், மாட்டுக்கு என்ன தீவனம் என்று எல்லாம் அதில்தான். "அது கம்ப்யூட்டர், மனுசன் மாதிரி பொய் சொல்லாது" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
- அரூர் பகுதி வாசகி

பதில்: அப்பாவிடம் இதைப் படித்துக்காட்டுங்கள்.

ஐயா, "ஆடிப்பட்டம் தேடி" என்று நாங்கள் பாதியில் நிறுத்தினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? யோசிக்காமல் "விதை" என்று முடிப்பீர்கள். ஆயிரம் தடவை கேட்ட சொல் அது, அதனால் வாயில் தானாக வருகிறது. இந்தப் பேசும் ஏஐ செய்வதும் ஏறக்குறைய இதுதான். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று பழகிய இயந்திரம் அது. நீங்கள் கேட்டதும், பொருத்தமாக வரக்கூடிய சொற்களை ஒவ்வொன்றாகக் கோத்துக் கொடுக்கிறது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தபிறகுதான் இது எல்லோர் கைக்கும் வந்தது. இப்போது பல நிறுவனங்களுடையது இருக்கிறது. அடிப்படை ஒன்றுதான்.

"விதை" என்று முடித்தீர்களே, அதற்கு முன் வானத்தைப் பார்த்தீர்களா? இல்லை. சொல்வதற்கு வானம் தேவையில்லை. ஆனால் நிஜமாகவே விதைக்கும்போது, ஆடி பிறந்துவிட்டது என்பதற்காக மட்டும் விதையை இறைக்க மாட்டீர்கள். மண்ணைக் கையில் அள்ளி ஈரம் பார்ப்பீர்கள். போன் சொல்லை முடிக்கும். மண்ணை அள்ளிப் பார்க்கிற வேலை உங்களுடையது.

அதனால், அது சொல்லும் தப்பைப் பொய் என்றும் சொல்ல முடியாது. பொய் சொல்ல உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். அது உண்மையைச் சொல்லும்போதும் தப்பைச் சொல்லும்போதும் ஒரே குரலில்தான் சொல்லும். நம் ஊர் ஆளாக இருந்தால், தெரியாததைக் கேட்டால் தலையைச் சொறிவார், இழுத்து இழுத்துப் பேசுவார். நாம் கண்டுபிடித்துவிடுவோம். இதற்கு அந்தத் தயக்கம் பெரும்பாலும் தெரியாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். உதாரணமாக, பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டதில் "பையூர் 2" என்ற பெயரில் ராகியும் உண்டு, சாமையும் உண்டு, கொள்ளும் உண்டு. பயிரின் பெயரைச் சொல்லாமல் "பையூர் 2 எத்தனை நாள் பயிர்?" என்று கேளுங்கள். எந்தப் பயிர் என்று திருப்பிக் கேட்டால் கெட்டிக்காரப் பதில். கேட்காமல் ஒரு நாள் கணக்கைச் சொன்னால், எந்தப் பயிரின் கணக்கு என்று நீங்களே யோசியுங்கள். அடுத்து, இல்லாத ஒரு ரகத்தின் பெயரை நீங்களே கட்டிவிட்டு அதன் மகசூலைக் கேளுங்கள். சில நேரம் "அப்படி ஒரு ரகம் தெரியவில்லை" என்று ஒழுங்காகச் சொல்லும். சில நேரம் இல்லாத ரகத்துக்கு ஏக்கர் கணக்கில் மகசூல் சொல்லும்.

இன்னொன்று, அது படித்ததில் ஆங்கிலம்தான் அதிகம், தமிழ் கொஞ்சம். அந்தத் தமிழிலும் நம் பக்கத்துப் பேச்சு இன்னும் கொஞ்சம். ராகி, கேழ்வரகு, கேப்பை, ஆரியம், கேவுரு எல்லாம் ஒன்று என்று நமக்குத் தெரியும். அது சில நேரம் தடுமாறும். அதனால் கேட்கும்போது பயிரின் பொதுப் பெயர், ரகம், வயது, ஊர், மானாவாரியா இறவையா, இதுவரை என்ன போட்டீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதைவிட "இது என்னென்ன காரணத்தால் இருக்கலாம்? எதைப் பார்த்தால் பிரித்துத் தெரிந்துகொள்ளலாம்?" என்று கேட்பது பலமடங்கு பயன் தரும். அப்போது அது உங்களைக் கொல்லைக்கு அனுப்பும். மருந்தைக் கேட்டால் நேராகக் கடைக்கு அனுப்பிவிடும்.

கேள்வி: தக்காளியில் காய்ப்புழு. ஏஐ-யில் கேட்டபோது மோனோகுரோட்டோபாஸ் அடிக்கச் சொல்லி ஹெக்டேருக்கு அளவும் கொடுத்தது. கடைக்காரர் அது இப்போது இல்லை என்கிறார். வேறு ஊரில் கிடைக்குமா?
- பாலக்கோடு பகுதி வாசகர்

பதில்: எந்த ஊரிலும் தேடாதீர்கள். பழைய இருப்பு எங்காவது கிடைத்தாலும் தக்காளிக்கு அடிக்கக் கூடாது. காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் பயன்படுத்த இந்தியாவில் 2005-லேயே தடை வந்துவிட்டது. 2023-இல் வந்த மத்திய அரசு ஆணை, 36 சதவீத எஸ்.எல். வகையையும் விலக்கியது. இது எவ்வளவு கொடிய நஞ்சு என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரன் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது இந்த மருந்துதான்.

பிறகு ஏன் போன் அதைச் சொல்கிறது? அது படித்த பக்கங்களில் இருபது, முப்பது வருடத்துக்கு முந்தைய கையேடுகளும் உண்டு. அந்தக் காலத்தில் அது பரிந்துரைக்கப்பட்ட மருந்து. எண்டோசல்பானும் அப்படித்தான். 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகும் பழைய பக்கங்களில் அது அப்படியே கிடக்கிறது. காகிதத்தில் எழுதியதைத் தடை வந்து அழிப்பதில்லை. எது பழையது, எது நடப்பில் உள்ளது என்று இயந்திரம் எப்போதும் சரியாகப் பிரிப்பதில்லை.

அளவிலும் கவனம் வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ஹெக்டேருக்குச் சொன்ன அளவை ஏக்கருக்கு அடித்தால் இரண்டரை மடங்கு மருந்து போகும். காசும் போகும், பூவும் கருகும், காயிலும் நஞ்சு நிற்கும். போன் எந்த அளவைச் சொன்னாலும், மருந்து டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டோடு ஒப்பிடாமல் தொட்டியில் ஊற்றாதீர்கள். அந்தச் சீட்டில் உங்கள் பயிரின் பெயர் இருக்க வேண்டும். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதில் இருக்கும். டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் நஞ்சின் வீரியத்தைக் காட்டும். சிவப்புதான் மிகக் கொடியது.

எழுத்து பொடியாக இருந்தால், அந்தச் சீட்டைப் படம் எடுத்து ஏஐ-யிடம் கொடுத்து "இதில் உள்ளதை மட்டும் தமிழில் சொல்" என்று கேளுங்கள். இது அதற்கு நன்றாகவே வரும் வேலை. கண் முன்னால் இருக்கும் எழுத்தை மாற்றிச் சொல்வதில் தப்பு குறைவு. இருந்தாலும் எண்களை மட்டும் சீட்டில் ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி, ஊடுபயிராகச் செண்டுமல்லி, துளைபட்ட காய்களைப் பொறுக்கி அழிப்பது ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். அதற்குமேல் மருந்து வேண்டுமென்றால் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு அடியுங்கள். கிசான் கால் சென்டர் 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 வரை கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

கேள்வி: அடுத்த மூன்று மாதத்தில் தக்காளி விலை என்ன இருக்கும் என்று ஏஐ-யில் கேட்டு நாற்று விடலாமா?
- காரிமங்கலம் பகுதி வாசகர்

பதில்: விடாதீர்கள். 2023 ஜூலை உங்களுக்கு நினைவிருக்கும். கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசு தக்காளி விற்றது. அந்த விலையைப் பார்த்து நட்டவர்கள் பறிக்கும்போது விலை எங்கே கிடந்தது என்பதும் நினைவிருக்கும். நேற்றைய விலையைப் படித்து நாளைய விலையைச் சொல்ல யாராலும் முடியவில்லை. பேசும் ஏஐ பல நேரம் நேற்றைய விலையைக்கூடப் பார்ப்பதில்லை, அது படித்து முடித்த நாளோடு நின்றுவிடும். அன்றன்றைய சந்தை விலைக்கு உழவன் செயலியைப் பாருங்கள், மண்டியில் விசாரியுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஏஐ என்ற பெயரில் வருவதெல்லாம் இந்தப் பேசும் இயந்திரம் அல்ல. 2025 காரிப் பருவத்தில் 13 மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு, பருவமழை எப்போது தொடங்கும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் குறுஞ்செய்தி அனுப்பியது. அதுவும் ஏஐ வழியாகக் கணித்ததுதான். ஆனால் அது பல பத்தாண்டுகளாக அளந்து வைத்த காற்று, வெப்பம், மழைக் கணக்கில் பழகிய இயந்திரம். அதன் கணிப்பை நடந்த மழையோடு ஒப்பிட்டுப் பார்த்து எடை போடலாம். பேசும் ஏஐ-யிடம் "நாளை மழை வருமா?" என்று கேட்பதும் இதுவும் ஒன்றல்ல.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. பல்லில் பழுப்புக் கறை. போனில் கேட்டேன். நன்றாகப் பல் தேய்க்கவும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் சொன்னது. காய்ச்சித்தான் கொடுக்கிறேன். கறை போகவில்லை.
- நல்லம்பள்ளி பகுதி தாய்

பதில்: அம்மா, நீங்கள் குடிப்பது போர் தண்ணீரா என்று போன் கேட்டதா? எந்த மாவட்டம் என்று கேட்டதா? கேட்டிருந்தால் பதில் மாறியிருக்கும்.

நம் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் பல் உருவாகும்போது அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை வரும். பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 முதல் காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சும் தண்ணீரில் அதன் அளவு இன்னும் கூடும். கிருமிக்குச் சொல்லும் பதிலை உங்களுக்கும் சொல்லிவிட்டது அந்த இயந்திரம். வேறு ஊரில் ஒரு தாய் கேட்டிருந்தால் அது சரியான பதிலாகக்கூட இருக்கலாம். உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை.

குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். போர் தண்ணீரைத் துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தண்ணீரைச் சோதிக்கக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தை ஊராட்சி வழியாகக் கேளுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. மகளை அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கறைக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். குழந்தையின் உடம்பு விஷயத்தில் போன் சொல்வதை மருத்துவரிடம் கேட்பதற்கான கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் இந்த ஏஐ-யைத் தொடவே வேண்டாமா? பட்டா மாறுதலுக்கு மனு எழுத ஒருவரிடம் போனால் இருநூறு ரூபாய் கேட்கிறார். மகள் போனில் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தாள். இன்னொன்று, பி.எம். கிசான் பணம் வரவில்லை, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு அதிகாரி பேசுகிற வீடியோ வந்தது. நம்பலாமா?
- பாப்பிரெட்டிப்பட்டி பகுதி வாசகர்

பதில்: முதல் கேள்விக்கு, தாராளமாகத் தொடுங்கள். மனு எழுதுவது, வங்கியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்வது, பிள்ளையின் பாடத்தை எளிமையாக விளக்கச் சொல்வது, வரவு செலவைப் பட்டியலாக்குவது எல்லாம் அதன் கைக்கு நன்றாக வரும் வேலைகள். காரணம், இவற்றில் விவரம் உங்களுடையது, மொழி மட்டும்தான் அதனுடையது. தப்பு இருந்தால் படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மனுவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, தேதி ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். அது தானாகச் சேர்த்த சட்டப் பிரிவு, அரசாணை எண் எதுவாவது இருந்தால் அடித்துவிடுங்கள். இல்லாத அரசாணைக்கு எண் போடுவதும் அதன் பழக்கம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் அந்த மனுவை நீட்டும்போது, கீழே இருக்கும் கையெழுத்து உங்களுடையது.

பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் படமெடுத்து அதில் போடாதீர்கள். எண்ணை விட்டுவிட்டு மனு எழுதச் சொல்லி, பிறகு பேனாவால் நிரப்புங்கள். ஓ.டி.பி.-யை யாருக்கும், எதற்கும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு, நம்பாதீர்கள், அழுத்தாதீர்கள். ஒருவர் முகத்தையும் குரலையும் வைத்து அவர் பேசாததைப் பேசவைக்க இப்போது ஏஐ-யால் முடியும். அதிகாரி முகமாக இருந்தாலும், வெளியூரில் இருக்கும் உங்கள் மகன் குரலாகவே இருந்தாலும், அவசரம், பணம் அனுப்பு என்று வந்தால் போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் செயலியை அனுப்பி, அதை ஏற்றியதும் வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. வருடத்துக்கு 6,000 ரூபாய் வரும் திட்டத்துக்கு ஆசைப்பட்டுச் சேமிப்பையே இழக்கக் கூடாது. அந்தத் திட்டத்துக்கு அரசே 2023 செப்டம்பரில் கிசான் இ-மித்ரா என்ற ஏஐ உதவியைத் தொடங்கியிருக்கிறது. தமிழிலும் கேட்கலாம். திட்டத்தின் அரசு இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ போய் மட்டும் பாருங்கள். தெரியாமல் அழுத்திப் பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு வாய்ப்பு.

ஆறு கடிதங்களையும் சேர்த்துப் பார்த்தால் வழி ஒன்றுதான். புரிந்துகொள்ள, எழுத, மொழிமாற்ற, கேள்வியைத் தெளிவாக்க ஏஐ-யை வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அடிப்பதற்கு, பணம் போடுவதற்கு, கையெழுத்து வைப்பதற்கு முன்னால் மட்டும், பொறுப்போடு பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரிடம் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் வேளாண் அலுவலரிடம் போய் நியாயம் கேட்கலாம், கடைக்காரரிடம் ரசீது காட்டலாம், எங்களுக்கும் காட்டமாக ஒரு கடிதம் எழுதலாம். போனிடம் போய் என்ன கேட்பீர்கள்? "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி" என்று உடனே ஒத்துக்கொள்ளும். அதற்குள் குளவி செத்திருக்கும்.

பென்னாகரம் வாசகர் தம் கொல்லையில் பார்த்த பூச்சி மஞ்சளா, சிவப்பா என்று எழுதினால் அடுத்த இதழில் தொடர்கிறோம். மற்றவர்களும் ஏஐ சொன்னதையும், பிறகு நிலத்தில் நடந்ததையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டும் தெரிந்தால்தான் மற்ற வாசகர்களுக்குப் பயன்படும்.